கோலியஸ் வாடலுக்கு ‘செடிக்குள் வாழும் பூஞ்சை’ பாட்டில்: யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

கல்வராயன் அடிவாரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தூருக்குக் கிழக்கே கல்வராயன் மலை அடிவாரத்தில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் மருந்துக்கூர்க்கன் போடுகிறேன். எங்கள் பக்கம் கோலியஸ் என்றால்தான் தெரியும். மீதி நிலத்தில் மரவள்ளி.

போன புரட்டாசியில் ஒரு ஏக்கர் கோலியஸ் நட்டேன். ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை பிறந்ததும் ஆரம்பித்தது. காலையில் பச்சையாக நிற்கிற செடி மதியம் தலை சாய்ந்துவிடும், சாயங்காலம் நிமிரும். மூன்றாம் நாள் நிமிராது. பிடுங்கினால் தூரில் தோல் கழன்று வரும், கிழங்கு கறுத்துப்போய் ஒரு புளித்த நாற்றம் அடிக்கும். மருந்துக் கடையில் சொன்னபடி கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து தூரில் இரண்டு தடவை ஊற்றினேன். கேட்கவில்லை. காய்ந்த கிழங்கு வழக்கமாக வருவதில் பாதிகூடத் தேறவில்லை. வெட்டுக்கூலி கொடுத்து மிச்சம் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று.

இப்போது ஆடிப்பட்டத்துக்குக் குச்சி தயார் செய்கிற நேரம். போன வாரம் ஒருவர் பைக்கில் வந்தார். “மூலிகைச் செடிக்குள்ளேயே வாழ்கிற நல்ல பூஞ்சை, அதைப் பிரித்து பாட்டிலில் அடைத்திருக்கிறோம், வாடல் கிட்டவே வராது, கிழங்கில் மருந்துச் சத்து இரண்டு மடங்கு ஆகும்” என்றார். லிட்டர் 1,450 ரூபாய், ஏக்கருக்கு மூன்று லிட்டராம். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என்ன பூஞ்சை என்று பெயரே இல்லை.

செடியைச் சாகடித்தது பூஞ்சை என்கிறார்கள். காப்பாற்றுவதும் பூஞ்சை என்றால் எப்படி? செடிக்குள் பூஞ்சை வாழும் என்பது உண்மைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாலாயிரம் ரூபாய் எனக்குச் சின்னக் காசு இல்லை.

மூலனூர் செங்காந்தள்:

அண்ணா, பெயர் போடாத பாட்டிலை வாங்க வேண்டாம். நான் கண்வலிக்கிழங்கு போடுகிறேன், எங்களுக்கும் மழைக்காலத்தில் கிழங்கு அழுகல் உண்டு. டிரைக்கோடெர்மா விரிடி ஏக்கருக்கு ஒரு கிலோ வாங்கி, மக்கிய தொழுவுரம் இருபது கிலோவில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, பத்துப் பதினைந்து நாள் நிழலில் வைத்திருந்து அப்புறம் தூரில் போடுகிறேன். மூன்று வருடமாக அழுகல் குறைந்திருக்கிறது. ஆனால் டிரைக்கோடெர்மா மண்ணில் இருக்கிற பூஞ்சை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். செடிக்குள் இருப்பது வேறு போல. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

பூஞ்சைக்காரி:

அண்ணா, வணக்கம். நான் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். அதற்கு முன் சென்னையில் ஆறு வருடம் இதே வேலைதான் செய்தேன், மூலிகை இலைக்குள் இருக்கும் பூஞ்சையைப் பிரித்தெடுப்பது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பைக்கில் வந்தவர் சொன்னதில் பாதி நிஜம். செடிக்குள் பூஞ்சை வாழ்கிறது. அபூர்வமாக எங்கோ ஒன்றில் இல்லை, தேடிப் பார்த்த செடிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. துளசி, வேம்பு, நித்தியகல்யாணி, உங்கள் வேலியோரத்து ஆடாதொடை, எதை எடுத்தாலும் சரி. இலை பச்சைப்பசேல் என்று இருக்கும், ஒரு புள்ளி இருக்காது. உள்ளே செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே மெல்லிய இழையாக அது படுத்திருக்கும். இந்த மாதிரி உயிர்களுக்கு எண்டோபைட் என்று 1866-இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஆன்டன் டி பாரி. தமிழில் உள்வாழ் பூஞ்சை என்கிறோம். செடியிடம் இருந்து சர்க்கரையும் இடமும் வாங்கிக்கொள்கிறது. பதிலுக்குச் சில பூஞ்சைகள் வேரைப் பெருக்குகின்றன, சில பூஞ்சைகள் வெளியிலிருந்து வரும் நோய்க் கிருமியை உள்ளே விடாமல் மல்லுக்கு நிற்கின்றன. எதுவும் செய்யாமல் சும்மா குடியிருப்பவையும் நிறைய. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கொன்றதும் பூஞ்சை, காப்பதும் பூஞ்சையா என்று கேட்டீர்கள். இதற்கு உங்கள் பயிரே நல்ல உதாரணம். கோலியஸ் வேரை அழுக வைப்பதில் முக்கியமான ஆள் பியூசேரியம் க்ளாமிடோஸ்போரம் என்ற பூஞ்சை. அதன் பங்காளி ஒன்று, பியூசேரியம் ரெடோலென்ஸ் என்று பெயர், நல்ல ஆரோக்கியமான கோலியஸ் செடியின் வேருக்குள் குடியிருந்தது. லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிமாப், அதாவது மத்திய அரசின் மருந்து, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், அதன் ஆய்வாளர்கள் இதையும் தண்டிலிருந்து கிடைத்த வேறு இரண்டு பூஞ்சைகளையும் பிரித்து வளர்த்து, திரும்பவும் கோலியஸ் செடிக்கே கொடுத்துப் பார்த்தார்கள். செடியும் கிழங்கும் தேறின, கிழங்கின் மருந்துச் சத்தான போர்ஸ்கோலினும் கூடியது. தண்டில் கிடைத்த இரண்டில் ஒன்று மேக்ரோபோமினா வகை. அந்தப் பெயரைச் சொன்னால் எள்ளு போடுகிறவர்களும் நிலக்கடலை போடுகிறவர்களும் வேரழுகல் என்று பயப்படுவார்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? குடும்பப் பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, அந்தத் தனி ஆள் யார் என்று பார்க்க வேண்டும். அதனால்தான் பெயர் இல்லாத பாட்டில் எனக்கு இவ்வளவு கோபத்தை வரவழைக்கிறது. உள்ளே இருப்பது ரெடோலென்ஸா க்ளாமிடோஸ்போரமா என்று தெரியாமல் ஒருவர் தன் வயலில் ஊற்றலாமா?

இன்னொன்றும் உண்டு. செடி நலமாக இருக்கும்வரை அமைதியாக இருந்துவிட்டு, அது வெயிலிலோ தண்ணீர் தேங்கியோ தளரும்போது உள்ளிருந்தே குணம் மாறும் பூஞ்சைகளும் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் வேப்பமரங்கள் நுனியெல்லாம் கருகி, தீயில் வாட்டினதுபோல் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுனிக்கருகலுக்குக் காரணம் போமோப்சிஸ் அசாடிராக்டே. அதே போமோப்சிஸ் இனத்தைச் சேர்ந்தவை எந்த நோயும் இல்லாத வேப்ப இலையிலும் சாதாரணமாகக் கிடைக்கும்.

சரி, உங்கள் வயலுக்கு வருகிறேன். முதலில் வந்தது என்ன வாடல் என்று தெரிய வேண்டும். அடுத்த முறை ஒரு செடி தலை சாய்ந்தால், தூருக்குச் சற்று மேலே தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை தண்ணீரைத் தொடுகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல், பூஞ்சைக்கான எந்த மருந்தும் அதற்கு உதவாது. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. நூற்புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் பல சமயம் அழுகல் பூஞ்சை உள்ளே நுழைகிறது. அப்படி இருந்தால் ஒரு பட்டம் செண்டுமல்லி போட்டு மாற்றுங்கள்.

நோய் வந்த வயலிலிருந்து குச்சி எடுக்காதீர்கள். இதை ரொம்பவும் அழுத்திச் சொல்கிறேன். கோலியஸை நீங்கள் விதையில் போடுவதில்லை, நுனித்தண்டை வெட்டித்தான் நடுகிறீர்கள். தண்டுக்குள் யார் குடியிருந்தாலும், நல்லவனோ கெட்டவனோ, அவனும் சேர்ந்து புது வயலுக்கு வந்துவிடுவான்.

அப்புறம், மூலனூர் நண்பர் சொன்ன டிரைக்கோடெர்மா நல்ல வழி. பெங்களூருவில் கோலியஸ் வேரழுகலுக்கே செய்து 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டிரைக்கோடெர்மா விரிடியையும் வேர் உட்பூசணத்தையும் சேர்த்துக் கொடுத்த செடிகள் நன்றாகத் தாங்கின. வேரோடு சேர்ந்து வாழும் இந்தப் பூஞ்சையை நம் ஊரில் வேம் என்பார்கள். இவற்றைப் போட்டுவிட்டு மேலே கார்பெண்டசிம் ஊற்றினால் போட்ட காசு வீண், அது டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். டிரைக்கோடெர்மா எப்போதும் மண்ணோடு நின்றுவிடுவதும் இல்லை, அதன் சில வகைகள் வேரின் வெளியடுக்குக்குள் புகுந்து அங்கேயே தங்கும்.

உள்வாழ் பூஞ்சையே வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே கண்டுபிடித்த ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் புதர்களின் வேர்ப்பகுதியில் எடுத்து, 1998-இல் பெயர் வைத்தார்கள், பிரிபார்மோஸ்போரா இண்டிகா. இப்போது செரெண்டிபிடா இண்டிகா என்கிறார்கள். அந்தப் புதர்களில் ஒன்று எது தெரியுமா? நாம் வெட்டி வெட்டி அலுத்துப்போன சீமைக்கருவேலம். வேம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. இது வெறும் சத்துக்குழம்பிலேயே வளரும், அதனால் பெருக்குவது சுலபம். வல்லாரை வேலை செய்கிற நீர்ப்பிரம்மி, அமுக்கரா, கோலியஸ் என்று பல மூலிகைகளில் இதைச் சோதித்து வேர் வளர்ச்சி கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

எந்தப் பாட்டிலானாலும் வாங்கும்முன் பூஞ்சையின் முழுப்பெயர், எந்த ரகம், ஒரு கிராமில் அல்லது ஒரு மில்லியில் எத்தனை உயிருள்ள வித்துகள், தயாரித்த தேதி, இவற்றைக் கேளுங்கள். நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்பதற்கு 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். அவர் பாட்டிலில் அது இருக்கிறதா பாருங்கள்.

தென்காசி வைத்தியர்:

அருமையான விளக்கம் அம்மா. நான் சித்த மருத்துவம் பார்க்கிறேன். எனக்கு வேறு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. புற்றுநோய் மருந்து தரும் மரங்களை வெட்டவே வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து அந்த மருந்தை எடுத்துவிடலாம் என்று பல வருடமாகப் படிக்கிறேன். அது நடந்ததா? அப்படியானால் மூலிகையின் குணம் மூலிகையுடையதா, உள்ளே இருக்கும் பூஞ்சையுடையதா? பொதிகை மலையில் எடுத்த சரக்கும் தோட்டத்தில் வளர்த்த சரக்கும் வேலை செய்வதில் வித்தியாசம் உண்டு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

பூஞ்சைக்காரி:

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் என் ஆறு வருடமும் போனது. அதனால் ஆர அமரச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் பசிபிக் யூ என்று ஒரு மரம். 1962-இல் அதன் பட்டையைச் சேகரித்துச் சோதித்தார்கள், 1971-இல் அதிலிருந்த டாக்சால் என்ற பொருளின் வேதி அமைப்பு வெளியானது, 1992-இல் சினைப்பைப் புற்றுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. அந்த மரம் மெல்ல வளரும், பட்டையை உரித்தால் செத்துப்போகும். நம் இமயமலையிலும் அதன் உறவு மரம் உண்டு. தாளிசபத்திரி என்று நாட்டு மருந்துக் கடையில் கொடுப்பதில் சில இடங்களில் இதன் இலையும் இருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த நேரத்தில்தான் 1993-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஆண்ட்ரியா ஸ்டியர்ல், டொனால்ட் ஸ்டியர்ல், கேரி ஸ்ட்ரோபல் மூவரும் அந்த மரத்தின் பட்டைக்குள் இருந்த ஒரு பூஞ்சை தனியாகவே டாக்சால் செய்கிறது என்று அறிவித்தார்கள். ஆண்ட்ரியாவின் பெயரையே வைத்து டாக்சோமைசிஸ் ஆண்ட்ரியானே என்றார்கள். உலகமே யூ மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தது.

அளவைப் பாருங்கள். பூஞ்சை வளர்த்த ஒரு லிட்டர் சத்துக்குழம்பில் கிடைத்தது 24 முதல் 50 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை ஏற்ற ஏறக்குறைய 300 மில்லிகிராம் வேண்டும். கணக்குப் போட்டால் 60 லட்சம் லிட்டர் குழம்பு. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் 500 லாரி, ஒரே ஒரு ஊசிக்கு. அதற்குப் பிறகு நிறையப் பேர் நிறையப் பூஞ்சைகளில் டாக்சால் கண்டதாக எழுதினார்கள். 2013-இல் ஜெர்மானியக் குழு ஒன்று அந்த முதல் பூஞ்சையையும் சேர்த்து மரபணு அளவில் தேடிப் பார்த்து, பூஞ்சை தானே டாக்சால் செய்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இன்று மருத்துவமனைக்கு வரும் டாக்சால் பூஞ்சைத் தொட்டியிலிருந்து வருவதல்ல. ஐரோப்பிய யூவின் ஊசியிலையில் இருந்து மூலப்பொருளை எடுத்து மாற்றிச் செய்கிறார்கள், அல்லது யூ மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்க்கிறார்கள்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றுக்கும் இதே கதைதான். நோதபோடைட்டஸ் நிம்மோனியானா. இரினோடெக்கான், டோபோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான கேம்ப்டோதெசின் இதில் இருக்கிறது. இதற்குள் இருந்த பூஞ்சையும் அந்தப் பொருளைச் செய்கிறது என்று 2005-இல் ஜம்மு ஆய்வகத்திலிருந்து வெளியானது. அப்புறம் சீனத்து மரம் ஒன்றிலிருந்து எடுத்த பியூசேரியம் சொலானியை வைத்து ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஆராய்ந்தார்கள். பூஞ்சையைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்க்க, ஏழு தலைமுறைக்குள் சரக்கு குறைந்துகொண்டே போனது. ஏன் என்று தேடியபோது, அந்த வேலைக்கு வேண்டிய கருவிகளில் முக்கியமான ஒரு நொதி பூஞ்சையிடமே இல்லை, செடியுடையதைக் கொண்டுதான் வேலையை முடித்திருக்கிறது என்று தெரிந்தது.

நான் இதைப் படித்தது பின்னால். முன்னால் என் கையாலேயே பார்த்தேன். திருச்செந்தூர்ப் பக்கம் மணலில் தானாக முளைத்த நித்தியகல்யாணியிலிருந்து ஒரு பூஞ்சை எடுத்தேன், வெள்ளையாக, நடுவில் லேசாக ஊதா ஓடும். முதல் முறை வளர்த்துச் சாறு எடுத்து பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய தகட்டில் ஓடவிட்டபோது, நித்தியகல்யாணியின் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் நிற்கும் அதே உயரத்தில் ஒரு புள்ளி நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டாம் முறை புள்ளி மங்கல். நான்காம் முறை ஒன்றுமே இல்லை. நான்தான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்று உப்பை மாற்றினேன், சர்க்கரையை மாற்றினேன், இருட்டில் வைத்தேன், வெளிச்சத்தில் வைத்தேன். ஒரு வருடம் போயிற்று. கடைசியில் நித்தியகல்யாணி இலையையே அரைத்து வடிகட்டிக் குழம்பில் கொஞ்சம் சேர்த்தபோது மங்கலாக ஏதோ திரும்பி வந்தது. அது பூஞ்சை செய்ததா, நான் சேர்த்த இலைச்சாறா என்று பிரித்துச் சொல்ல முடியாத சோதனை அது. ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதினேன்.

ஆகவே குணம் யாருடையது என்ற கேள்விக்கு என் பதில், பல மருந்துகளில் அதை இருவரும் சேர்ந்துதான் செய்கிறார்கள் என்பதே. இடத்துக்கு இடம் மாறுவதில் பூஞ்சைக்கும் பங்கு இருக்கும் என்று நம்புகிறேன். இளந்தளிரில் பூஞ்சை மிகக் குறைவு, முற்றிய இலையில் நிறைய, மழைக்காலத்தில் இன்னும் நிறைய. மண், வெயில், செடியின் வயது எல்லாம் அதைவிடப் பெரிய காரணங்களாகவும் இருக்கலாம். பெரியவர்கள் சொன்னதை ஒரே காரணத்தில் கட்டிப்போட எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் வைத்தியர் என்ற முறையில் நீங்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். உள்வாழ் பூஞ்சை நல்லது என்று கேள்விப்பட்டு, பூஞ்சை பூத்த மூலிகையை யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது. சரியாகக் காயாத சரக்கில் பிடிப்பது அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் மாதிரி ஆட்கள், அவை விடும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும், புற்றையும் கொண்டுவரும். அதைக் கழுவினாலும் காய்ச்சினாலும் போகாது.

தொட்டியில் மருந்து காய்ச்சுவது நடக்கவில்லை என்பதற்காக இந்தப் பூஞ்சைகள் பயனற்றவை என்று ஆகிவிடாது. ஸ்ட்ரோபல் குழுவுக்கே வேறொரு புதையல் கிடைத்தது. ஹோண்டுராஸில் வளர்த்த இலங்கைக் கருவாப்பட்டை மரத்தில் எடுத்த பூஞ்சைத் தட்டுகளில் சிலந்திப்பேன் மாதிரி நுண்பூச்சி விழுந்துவிட, எல்லாத் தட்டையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினார்கள். திறந்து பார்த்தால் ஒன்றைத் தவிர மற்றவை வளர்ச்சி நின்று கிடந்தன. அந்த ஒன்றுக்கு மஸ்கோடார் அல்பஸ் என்று பெயர். தொடாமலே, வெறும் ஆவியால் மற்ற பூஞ்சைகளைக் கொல்கிறது. அந்த ஆவியில் வாழைப்பழ வாசனை தருகிற பொருளும் உண்டு. விதையையும் பழத்தையும் அழுகாமல் வைக்க இதை முயன்று பார்த்தார்கள். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது, பூஞ்சையை அதன் சொந்த வேலையையே செய்யவிடுவது.

கல்வராயன் அடிவாரம்:

மேடம், பைக்கில் வந்தவருக்குப் போன் போட்டுப் பெயர் கேட்டேன். “கம்பெனி ரகசியம்” என்றார். பதிவு எண் கேட்டதும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அந்தக் காசு மிச்சம், உங்களுக்கு நன்றி.

வரப்போரம் பழைய செடிகள் சில தழைத்து நிற்கின்றன, அதில் வாடிய ஒன்றை வெட்டி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியும் பால் இறங்கவில்லை. ஆனால் வேரில் மிளகு மிளகாக முடிச்சு. நூற்புழுதான் போல. அந்த ஏக்கரில் செண்டுமல்லி போடுகிறேன், கோலியஸை மேட்டு நிலத்துக்கு மாற்றுகிறேன், பார் பிடித்து நடுகிறேன்.

இன்னொரு விஷயம் சொல்லணும். போன முறை கீழ்க்கோடியில் இரண்டு வரிசை முழுக்கப் போயிற்று, அதன் நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் கடைசிவரை வாடவே இல்லை. வெட்டும்போது அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். இப்போதும் நிற்கிறது. அதற்குள் ஏதாவது இருக்குமா? அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பூஞ்சைக்காரி:

அண்ணா, அந்தச் செடியைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் வேலையில் நாங்கள் தேடி அலைவது அப்படிப்பட்ட செடியைத்தான், எல்லாம் செத்த இடத்தில் சாகாமல் நின்றதை. அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், அந்த இடம் ஒரு விரற்கடை மேடாக இருந்து தண்ணீர் தேங்காமல் போயிருக்கலாம். இருந்தாலும் பார்க்காமல் விடக் கூடாது.

கண்ணால் பார்க்கலாம், நுண்ணோக்கிகூட முதலில் தேவையில்லை. எப்படி என்று சொல்கிறேன். சென்னையில் பேராசிரியர் டி. எஸ். சூரியநாராயணன் குழுவினர் முதுமலைக் காட்டு மரங்களிலெல்லாம் செய்த முறைதான். இலையைப் பறித்த அன்றே ஓடும் தண்ணீரில் கழுவி, அரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுவோம். இடுக்கியால் ஒவ்வொரு துண்டையும் 70 சதவீத ஆல்கஹாலில் ஐந்து விநாடி, அடுத்து 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒன்றரை நிமிடம், பிறகு சுத்தத் தண்ணீரில் பத்து விநாடி. வெளியே ஒட்டியிருக்கிற எல்லாம் இதில் செத்துவிடும், உள்ளே இருப்பது சாகாது. அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் கை பழக வேண்டும். மெல்லிய இலைக்கு அதுவே அதிகம், உள்ளே இருப்பதும் போய்விடும்.

உருளைக்கிழங்கு வேகவைத்த சாற்றில் சர்க்கரையும் அகரும் சேர்த்துக் கட்டியாக்கிய தட்டில், பாக்டீரியா வராமல் இருக்கக் கொஞ்சம் குளோராம்பெனிகால் கலந்து, அதன்மேல் துண்டுகளை வைப்போம். அப்படி வைக்கும்முன் அதே துண்டை இதே மாதிரி தயாரித்த வேறொரு தட்டில் ஒரு தடவை அழுத்தி எடுப்போம். அழுத்திய இடத்தில் எதுவும் முளைக்காவிட்டால்தான், இந்தத் தட்டில் முளைப்பது உள்ளே இருந்தது என்று நம்பலாம். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், வெட்டிய விளிம்பிலிருந்து பூனை ரோமம் மாதிரி வெள்ளை இழை ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். எல்லா விளிம்பிலும் வராது, நரம்பு வெட்டுப்பட்ட இடத்தில் முதலில் வரும். இலைப்பரப்பின் மேலிருந்து வராது. ஒரு வாரத்தில் சிலது சாம்பலாகும், சிலது ஆரஞ்சுப் புள்ளிகள் வைக்கும். மெல்ல வருபவைக்காக நான்கு வாரம்வரை காத்திருப்போம். முதல் தடவை அந்த இழையைப் பார்த்தபோது நான் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றிருந்தேன். அதுவரை இலை என்றால் இலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோய் வந்த வயலில் குச்சி எடுக்காதீர்கள் என்று நானே சொன்னேன், இது வயலில் நட அல்ல, பையில் செய்யும் சோதனைக்கு மட்டும். அந்தச் செடியிலிருந்து நாலு விரல் நீளத்தில் நுனிக்குச்சிகள் எடுத்து, பாதியை மேட்டு நிலத்து மண்ணிலும் பாதியை வாடல் வந்த கீழ்க்கோடி மண்ணிலும் பையில் நடுங்கள். பக்கத்தில் சாதாரணக் குச்சிகளையும் அதே எண்ணிக்கையில் நடுங்கள். எது எது என்று அடையாளம் வையுங்கள், அடையாளம் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து இருவருக்குமே ஒன்றும் தெரியாது. முற்றிய இலையும் கொஞ்சம் வேரும் எனக்கு வேண்டும். பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், கவரில் போட்டால் வேர்த்துப்போய் வெளிப் பூஞ்சை பிடித்துவிடும். வேருக்காகச் செடியைப் பிடுங்க வேண்டாம், ஒரு பக்கம் தோண்டி விரல் நீளம் இரண்டு துண்டு போதும்.

கல்வராயன் அடிவாரம்:

இன்று காலையில் வெட்டினேன் மேடம். இருபது குச்சி கிடைத்தது. பத்துக்குச் சிவப்புக் கயிறு, மேட்டு மண். பத்துக்கு மஞ்சள் கயிறு, கீழ்க்கோடி மண். சாதாரணக் குச்சி இருபதுக்கும் கயிறு இல்லை, கீழ்மண் பையில் மட்டும் மூலையை மடித்துவிட்டிருக்கிறேன். மோட்டார் கொட்டகை நிழலில் வரிசையாக வைத்தாயிற்று, வீட்டில் பிள்ளைகளிடம் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தாய்ச்செடியைச் சுற்றி மூன்று கல் நட்டு, ஆடு மேயாமல் முள் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை நாமக்கல் வருகிற வேலை இருக்கிறது. இலையும் வேரும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் வந்துவிடுகிறேன்.

பூஞ்சைக்காரி:

வாருங்கள் அண்ணா. வெள்ளி இரவே தட்டுகளை ஊற்றி வைத்துவிடுகிறேன்.